ஒட்டு அக்கா வெட்டிய படங்கள்

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் யாராவது "ஓட்டை!" என்று கத்தினால், தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதோ என்று புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் பதறுவார்கள். பத்திரிகைப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். விளம்பரம் தருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கையை விரித்திருப்பார். இல்லையென்றால் எழுதித் தருவதாகச் சொன்ன நிருபர் செல்போனை அணைத்துவிட்டுத் தூங்கியிருப்பார். கத்தல் கேட்டதும், பக்கம் வடிவமைக்கும் ஒட்டு அக்கா கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே "எத்தனை விரல்?" என்பார்.

இரண்டு விரல் உயரம் என்றால் உள்ளூர்க் கல்லூரியின் மல்யுத்தச் செய்தி நான்கு வரி. நான்கு விரல் என்றால் அதே செய்தி ஒரு படத்தோடு. எல்லா அளவிலும் எழுதித் தயாராக வைத்திருப்பார். இப்படி ஒட்டுப் போட்டே பேர் வாங்கியதால் ஒட்டு அக்கா. நான் அவருடைய பக்கத்து மேஜையில் பிழை திருத்துகிறவன். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே வயிறு வளர்க்கும் ஜென்மம். ஆனால் என் மூக்குக்குக் கீழே நடந்துகொண்டிருந்த தப்பு மட்டும் என் கண்ணில் படவில்லை.

எங்கள் விளையாட்டு ஆசிரியருக்குப் பந்து இல்லாத விளையாட்டு விளையாட்டே இல்லை. "ரெண்டு பேர் கட்டிப் புரளுறதை எவன்யா படிப்பான்?" என்று கேட்பார். ஓட்டை விழுந்தால் மட்டும் அவருக்கும் அக்காதான் கதி. அப்படிப் பின்வாசல் வழியாக நுழைந்த மல்யுத்தம், எங்கள் விளையாட்டு இணைப்பில் வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்துவிட்டது. எடை குறைக்கப் பட்டினி கிடந்து ஜெயித்த பையன், தோளில் கட்டோடு வந்து கைதட்டிய பையன் எல்லோரும் அக்காவின் நாலு வரிகளில் வந்தார்கள். பையன்களின் அம்மாக்கள் அலுவலகத்துக்கே போன் போட்டு, கூடுதலாகப் பத்திரிகை கிடைக்குமா என்று கேட்டார்கள்.

அக்காவுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்றால், அந்தக் கல்லூரியின் மல்யுத்தப் பயிற்சியாளர் அவருடைய தம்பி. எங்கே போட்டி நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அக்கா கேமராவோடு கிளம்பிவிடுவார். "லீவு நாள்ல மட்டும் நம்ம வீட்டுல ஆளே இருக்கிறதில்லை" என்று மின்சாதனக் கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர் என்னிடம் புலம்புவார். அக்காவோ மகா பயந்தாங்கொள்ளி. பையன்கள் ஒருவரை ஒருவர் தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவார். படத்தில் ஆட்கள் கோணலாக விழுந்திருப்பார்கள். மல்யுத்தம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

அவர் முதன்முதலாகக் கொண்டுவந்த படத்தில், ஜெயித்த பையனும் பக்கத்தில் தம்பியும் இருந்தார்கள். "இது என் தம்பி சார்" என்று அக்கா பெருமையாகக் காட்ட, விளையாட்டு ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, உங்க குடும்ப ஆல்பமா இது?" என்றார். அவர் சொன்னது விளையாட்டுக்குத்தான். அக்கா ரோஷக்காரி. அங்கேயே நின்று படத்திலிருந்து தம்பியை வெட்டி எறிந்தார். அன்றிலிருந்து ஒரு செய்தியிலும் தம்பியின் பெயர் வரவில்லை, பயிற்சியாளர் என்ற சொல்கூட வரவில்லை. வந்த ஒவ்வொரு வரியிலும் பிழை திருத்திய எனக்கு, வராத ஆள் யார் என்று தோன்றவே இல்லை.

தம்பி ஒருநாள் மத்தியானம் அலுவலகத்துக்கு வந்தார். கழுத்தே இல்லாத உடம்பு, நசுங்கி மடங்கிய காது, அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னடா இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா. இந்த வருஷத்தோட என்னைப் போகச் சொல்லிடுவாங்க போல."

அக்கா நாற்காலியைத் திருப்பினார்.

"கல்லூரிச் செயலாளர் நீ போடுற செய்தி ஒண்ணு விடாம படிப்பாராம். பசங்க ஜெயிக்கிறதெல்லாம் பேப்பர்ல வருது, உங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே, அப்ப பசங்களே பார்த்துக்கிறாங்க, உடற்கல்வி வாத்தியாரே போதும்னு சொல்றாரு. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி முடிவு பண்றாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு அவ்வளவு நன்றாக வரவில்லை.

அக்காவின் முகம் செத்துவிட்டது. "நான்தான்டா வெட்டினேன்."

"எதை?"

"உன்னை. எல்லாப் படத்துலேருந்தும். தம்பியைத் தூக்கி வைக்கிறாளேன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு."

தம்பி கணினித் திரையை எட்டிப் பார்த்தார். "வாத்தியாரையெல்லாம் பேப்பர்ல போட மாட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். சரி, விடுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதுவரை யாரிடமும் இடம் கேட்டுப் போகாத அக்கா, விளையாட்டு ஆசிரியரிடம் போய்க் கேட்டார். "ஓட்டை விழுந்தா பார்ப்போம்மா" என்றார் அவர். அந்த வாரம் பார்த்து விளம்பரம் வந்து குவிந்தது. சம்பளம் தரும் பத்திரிகைக்கு நஷ்டம் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு வாரம்தான்.

வியாழக்கிழமை, இணைப்பு அச்சுக்குப் போக வேண்டிய மத்தியானம், ஒரு மரச்சாமான் கடையின் பங்குதாரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

"ஓட்டை!" என்று அலறினார் விளையாட்டு ஆசிரியர்.

"எத்தனை விரல்?"

"விரலா? அரைப் பக்கம்மா!"

அக்கா பழைய படங்களை வெட்டாத நிலையில் ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் ஓரத்தில் தம்பி இருந்தார். ஒன்றில், விடிகாலையில் பையன்கள் வருவதற்கு முன் மல்யுத்த மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில், அடியில் சிக்கிய பையனின் கண்ணைப் பார்த்துப் பேசுவதற்காகத் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்திருந்தார். தோற்ற பையன் அழும் படம் ஒன்றை நாங்கள் முன்பே போட்டிருக்கிறோம். அவன் சுவரில் சாய்ந்து அழுகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அது சுவர் இல்லை, தம்பியின் தோள்.

கண்ணைத் துடைத்துத் துடைத்து அக்கா கட்டுரையை அடித்து முடித்தார். கடைசி வரியாக, "இதை எழுதியவர் இந்தப் பயிற்சியாளரின் அக்கா" என்று சேர்த்தார்.

"அது எதுக்குக்கா? வம்பை விலைக்கு வாங்குறீங்க" என்றேன்.

"மறைச்சு மறைச்சு அவன் பட்டது போதும். திட்டுறவங்க தெரிஞ்சுக்கிட்டே திட்டட்டும்."

பக்கத்தைப் பார்த்த விளையாட்டு ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். "இந்த ஆளை ஏம்மா இத்தனை நாளா வெட்டிக்கிட்டிருந்தீங்க?"

"நீங்கதானே சார் குடும்ப ஆல்பமான்னு கேட்டீங்க?"

"நானா? எப்போ?"

மனுஷனுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் அந்தக் கடைசி வரியில் கை வைக்கவில்லை. தோளில் அழும் படத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். வாசலில் தலை தெரிந்ததுமே அக்கா எழுந்துவிட்டார்.

"இருக்கச் சொல்லிட்டாங்கக்கா. செயலாளர் பேப்பரைக் கையிலேயே வச்சிருந்தாரு. மெத்தையைக்கூட நீங்களா துடைக்கிறீங்கன்னு கேட்டாரு."

அக்கா பொத்தென்று உட்கார்ந்தார். தம்பி பத்திரிகையை மேஜையில் விரித்து, ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். மற்ற எல்லாப் படங்களிலும் அவர் பையனையோ மெத்தையையோதான் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் மட்டும் நேராக நம்மைப் பார்த்தார். அக்கா முதன்முதலாக எடுத்த, முதன்முதலாக வெட்டிய படம்.

"பையன் ஜெயிச்சதும் நீ எங்க நிக்கிறேன்னு தேடினேன்க்கா. பார்த்தியா அன்னைக்கு?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "பயத்துல கண்ணை மூடிட்டேன்டா. அப்புறம் இங்க வந்து படத்துலதான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் வெட்டினேன்" என்றார். உடனே அழுதுவிட்டார்.

தம்பி பத்திரிகையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு, வா. அன்னைக்காவது கண்ணைத் தொறந்து வை."