மிஸ்ஸி கேட்ட கோணல் கடிதம்

ஞாயிற்றுக்கிழமை காட்டு நடைக்கு வரும் எல்லாருக்கும். என் எழுத்து வரியில் நிற்காது. மேலே ஏறும், கீழே இறங்கும். எழுபத்துமூன்று வயதுக் கை, எழுதப் பழகி இரண்டு வருடம்தான் ஆகிறது. சிரமப்பட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ஸி பரிமளா இறந்த செய்தியை நானேதான் படித்தேன். நம் குழுவிலிருந்து கைப்பேசிக்கு வந்தது. அடுத்த நடைக்கு எத்தனை மணிக்குக் கூடுவது என்று போட்டிருப்பார்கள் என நினைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். முதலில் அவர் பெயர். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, சந்தோஷமாகப் படித்தேன். அப்புறம் 'மாரடைப்பால்'. கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. முன்பெல்லாம் சாவுச் செய்தியை யாராவது வந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். படிக்கத் தெரிந்துவிட்டால் தனியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

லாயாங் லாயாங் ஊர்க் கிளினிக்கில் முப்பது வருடம் தாதியாக இருந்தவர். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்போம். ஓய்வு பெற்ற பிறகு, செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் மிஞ்சியிருந்த காட்டுத் துண்டுக்குள் ஞாயிறு காலையில் ஆட்களை அழைத்துப் போனார். ஒருமுறை பண்டார் தெங்காராவிலிருந்து வந்த ஒரு பெண் காலில் அட்டையைப் பார்த்துக் குதித்தாள். "கத்தாதம்மா. முப்பது வருஷம் ஊசி போட்டவ நான். என்னைவிட இது மெதுவாத்தான் குத்தும் லா" என்றார். கூட்டம் குறைந்தால் மட்டும் அவருக்குக் கவலை வரும். "காட்ட நம்மால காவல் காக்க முடியாது. ஆளுங்க போய்ட்டு வந்துகிட்டு இருந்தா, வெட்ட வர்றவனுக்குக் கொஞ்சம் கூச்சமாவது வரும்" என்பார்.

காட்டு விழா உங்களுக்குத் தெரியும்: கூடாரம், மீ கோரேங், ரஹீம் பாய் கடைத் தேநீர், காட்டோர வெற்றிடத்தில் குடும்பத்துக்கு ஒரு மெரந்தி மரக்கன்று. நான் புல் வெட்டுகிறவன். இரண்டாம் விழாவுக்கு முதல் நாள், இடம் பளிச்சென்று இருக்கட்டும் என்று யாரும் கேட்காமலே இயந்திரத்தோடு போனேன். அங்கே ஒரு பலகை நின்றது. விழாப் பலகை என்று நினைத்தேன். கவனமாகப் பிடுங்கி ஓரமாக வைத்து, அது நின்ற இடத்தையும் சுத்தமாக வெட்டிவிட்டு, மறுபடி நேராக நட்டேன். 'கன்றுகள் உள்ளன. புல் வெட்ட வேண்டாம்' என்று அதில் எழுதியிருந்ததாம். முதல் ஆண்டு நட்டதில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"அலமாக்! அண்ணே, மரத்துக்கும் சேத்து மொட்ட போட்டுட்டீங்களா?" என்றார் ரஹீம் பாய். சிலர் சிரித்தார்கள். சிலர் தங்கள் கன்று நின்ற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான்தான் வெட்டச் சொன்னேன். எல்லாம் வேர்ப்புழு. இன்னிக்குப் புதுசா நடுவோம், போங்க போங்க" என்றார்.

பிறகு கூடாரத்துக்குப் பின்னால், "பலகைய எவ்ளோ நேரா நட்டிருக்கீங்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், "எத்தன வருஷமா மறைச்சிகிட்டு இருக்கீங்க?" என்றார்.

"மருமகளுக்குத் தெரியாது மிஸ்ஸி. சொல்லிடாதீங்க."

"வர்ற ஞாயிறு அரை மணி முன்னாலயே வாங்கண்ணே."

முதல் பாடம் அந்தப் பலகை. பிறகு அவர் மரங்களில் கட்டியிருந்த பெயர்த் தகடுகள்: மெரந்தி, கெருயிங், கெம்பாஸ். மெரந்தி என்று தடுமாறாமல் படித்த அன்று மரத்தையே கட்டிக்கொண்டேன். எறும்பு கடித்தது, விடவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் வேறில்லை.

இந்த ஆண்டு காட்டோரத்தில் சிவப்புச் சாயம் பூசிய குச்சிகள் வந்தன. பாதிக் காட்டை அழிக்கப் போகிறார்கள்; ஆட்சேபம் இருந்தால் மாதக் கடைசிக்குள் நில அலுவலகத்தில் எழுதித் தரலாம். நம் எல்லாரையும் கையால் எழுதச் சொன்னார் மிஸ்ஸி. என்னிடம், "டைப் அடிச்சத ஒரே ஆளு செஞ்சதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. உங்க கோணல் எழுத்த யாரும் போலின்னு சொல்ல முடியாது. தமிழ்லயே எழுதுங்க, மலாய்ல நான் எழுதிச் சேத்துடறேன்" என்றார்.

எழுதினேன். அசிங்கமாக இருந்தது, கிழித்தேன். மறுபடி எழுதினேன், கிழித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் கையை நீட்டுவார். "அடுத்த வாரம் மிஸ்ஸி" என்பேன். "ஆமா, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறீங்க பாருங்க" என்பார். மாதத்தின் கடைசி நாள், உங்கள் கடிதங்களை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகும் வழியில் என் வீட்டு முன்னால் காரை நிறுத்தி மூன்று முறை ஹாரன் அடித்தார். மேசையில் என் தாள் பாதியில் கிடந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. வெட்கத்தில் அடுத்த ஞாயிறு நடைக்கும் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவர் இல்லை.

ஒரு கடிதத்தால் காடு பிழைத்திருக்காது. தெரியும். ஆனால் என்னிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

போன ஞாயிறு நாம் நான்கு பேர்தான் போனோம். மூன்றாவது மெரந்தி வரைக்கும்தான் பாதை. அப்புறம் வெறும் வெளிச்சம். இடுப்புயரம் வளர்ந்திருந்த இரண்டாம் ஆண்டுக் கன்றுகள் இயந்திரத் தடத்துக்குள் கிடந்தன. பலகை குப்புறக் கிடந்தது. இம்முறை யாரும் அதைத் திரும்ப நடவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து கழுவி வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை படிக்கிறேன். காக்க ஒரு கன்றும் இல்லாத பலகை. அதுவும், எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்யும்தான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை.

மீதிக் காட்டுக்கும் குச்சிகள் வந்துவிட்டன என்கிறார் ரஹீம் பாய். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அந்த மீதிக்காக அடுத்த வாரம் எழுதுவேன். மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மலாயில் அவள் எழுதித் தருவாள். இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. ஒரு தாளையும் கிழிக்கவில்லை. மிஸ்ஸி, இந்த முறை அடுத்த வாரம் என்றால் அடுத்த வாரம்தான்.