ஜன்னலில் மழையும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து யானையும்

சுக்குத் தூசிக்கு ஒரு குணம் உண்டு. மூக்கில் ஏறினால் இறங்காது. மட்டாஞ்சேரிக் கிடங்கில் சாக்குகளுக்கு நம்பர் எழுதும் வேலையில் நான் இருந்த காலத்தில், நான் ஒரு தும்மல் போட்டால் ஃபோர்ட் கொச்சி படகுத்துறையில் படகுக்கு நிற்பவர்கள் குடையை விரிப்பார்கள் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான் என்பது வேறு விஷயம்.

அந்தத் தூசிக்கு நடுவே, மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் கிடைக்கும் அரை மணி நேரத்தில்தான் அந்த மகா நாவல் அரங்கேறியது...

எண்ணூற்றுச் சொச்சம் பக்கம். கோயம்புத்தூர் போன மச்சான் வாங்கி வந்தது. துப்பறியும் கதை, ஆனால் இலக்கியத் தரமானது என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். அந்த எச்சரிக்கையை நான் மதிக்கவில்லை.

வாசிப்பவன் நான். கேட்பவர் முருகேசண்ணன். கார்ப்பரேஷனில் குழாய் வால்வு திறந்து மூடும் வேலை அவருக்கு. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவதும் வராததும் அவர் கையில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அதனால் தமிழில் பேசுவார், சண்டை போடுவார், சாமி கும்பிடுவார்... ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. கொச்சியில் இருக்கும் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான். தெரிந்தவன் வாசிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள்.

முதல் பக்கத்திலேயே ஒரு மில் முதலாளி குளத்தில் மிதந்தார். அண்ணன் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம்... துப்பறிய வந்தவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். நாற்பது பக்கம் பார்த்தார். பிறகு செத்துப்போன அம்மாவை நினைத்தார். மழை விட்டது. ஈரத்தைப் பார்த்தார்.

ஆறாம் நாள் அண்ணன் நெளிய ஆரம்பித்தார். காலை மாற்றிப் போட்டார், பீடியைத் தேடினார், எழுந்து வாசல் வரைக்கும் போய் வந்தார். இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் ஆள் வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குத் தாங்காது. நான் பேசுவதை நடுவில் வெட்டாமல் கேட்கிற ஒரே ஜீவன் அவர். வீட்டில் நான் வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள்.

ஆகவே, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், நூலாசிரியரின் அனுமதி இல்லாமல், ஒரு யானையை உள்ளே விட்டேன்.

மதம் பிடித்த யானை. மில் கதவை உடைத்தது. அண்ணன் பீடியை மறந்தார். மறுநாள் வல்லார்பாடம் தீவு வரைக்கும் ஒரு படகுத் துரத்தல். அதற்கு மறுநாள் ஒற்றைக்கண் சமையல்காரி. துப்பறிபவர் பாட்டுக்கு ஜன்னலோரம் நிற்க, நான் அவரைப் பதினேழு கத்திக்குத்துகளிலிருந்து காப்பாற்றினேன். சுமட்டுக்காரர்கள்கூட மூட்டையை இறக்காமல் தலையில் வைத்தபடியே நின்று கேட்டார்கள். இரண்டு மாசம் ஓடியது.

கடைசி நாள் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

கடைசிப் பக்கம். துப்பறிபவர் ரயிலில் ஏறுகிறார். மழை பெய்கிறது... அவ்வளவுதான். கொன்றது யார் என்று சொல்லவே இல்லை. புத்தகத்தை உதறினேன், முதுகை விரித்துப் பார்த்தேன். பக்கம் எதுவும் கிழிந்திருக்கவில்லை. எண்ணூறு பக்கம் மூச்சைக் கொடுத்து வாசித்தவனுக்கு இதுதானா கூலி என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"கொன்னது யாருன்னு போடலண்ணே," என்றேன். இரண்டு மாசத்தில் நான் சொன்ன முதல் கலப்படமில்லாத உண்மை.

"எடா, விளையாடாத. பேரைச் சொல்லு."

"சத்தியமா இல்லண்ணே."

"இத்தன நாள் என்னைய உக்கார வச்சிட்டு, கடைசீல எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு குத்திக் காட்டுற... இல்ல?"

எழுந்து போய்விட்டார்.

பத்து நாள் வரவில்லை. தெருவில் பார்த்தால், வால்வு திறக்கும் நீளக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்ச் சந்தில் திரும்பிவிடுவார். நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பேன், மூடுவேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். சமையல்காரிதான் கொன்றாள் என்று முடித்திருக்கலாம். அந்த ஆசிரியர் மேல் இருந்த கோபத்தில், பொய் சொல்லவே எனக்கு மறந்துபோயிற்று. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

பதினோராம் நாள் அவரே வந்து, புத்தகத்தை எடு என்றார். என்னை இழுத்துக்கொண்டு அடுத்த சந்துக்குப் போனார்; அங்கே பாகீரதி டீச்சர், தமிழ் வாசிக்கத் தெரிந்த பாலக்காட்டுக்காரர். மட்டாஞ்சேரியின் உச்ச நீதிமன்றம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி இருபது பக்கத்தை வாசித்தார்.

"யாருன்னு இதிலே சொல்லலை முருகேசா. அவன் பொய் சொல்லலையாக்கும்."

எனக்கு உயிர் வந்தது.

"அந்த ஆனை என்னாச்சுன்னாவது போட்டிருக்கா டீச்சர்?"

வந்த உயிர் போயிற்று.

டீச்சர் பின்னோக்கிப் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். "எந்த ஆனை? இதிலே மழைன்னா பெஞ்சுண்டிருக்கு."

திரும்பி வரும்போது அண்ணன் நாலடி முன்னால் நடந்தார். நான் மன்னிப்புக்கு வார்த்தை தேடினேன். கிடங்கு வாசலில் அண்ணன் நின்றார்.

"படகு?"

"நான்தாண்ணே."

"ஒத்தக்கண்ணு சமையக்காரி?"

"அவளும்."

உள்ளே போய், எப்போதும் உட்காரும் சாக்கின் மேல் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார்.

"அப்ப கொன்னவன் யாருன்னும் நீயே சொல்லு. அந்த எழுத்துக்காரருக்குத் தெரியாது போல."

சொன்னேன். முடிக்க இன்னும் ஒரு மாசம் ஆயிற்று.

இப்போது அந்தக் கிடங்கில் காபி விற்கிறார்கள். ஃபேமிலி குரூப்பில் நான் ஒரு வரி கூட்டிச் சொன்னால், தங்கை மகன் அடுத்த நிமிஷம் லிங்க் போட்டுத் திருத்துகிறான். பெரிய நாவல்கள் இன்னும் வருகின்றன. போன மாசம்கூட ஒன்று வாங்கினேன்... அதிலும் கொன்றவன் அகப்படவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்குள்ளேயே மூன்று கிலோமீட்டர் நடந்தேன். என்னோடு கோபித்துக்கொள்ளக்கூட யாரும் இல்லை.

அண்ணன் இப்போது இடப்பள்ளியில், மகனுடைய பிளாட்டில். பேரன் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறான், தமிழ் நாவல்களைக் காதாலேயே கேட்கலாம். போன வாரம் கூப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"குரல் நல்லா இருக்குடா. நிறுத்தி நிறுத்தி, அழகா வாசிக்கிறான்," என்றார்.

"ஆனா... புஸ்தகத்துல இருக்கிறத மட்டும்தான் வாசிக்கிறான்."