இறக்கத்துக்கு இடம் வைத்தவர்

செய்தி எனக்கு மலையிலிருந்து வந்தது. கடந்த திங்கட்கிழமை காலை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்காகக் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். ஃபாரூக் அழைத்தார். மாளிகாவத்தைக்காரர். எங்கள் நிறுவனத்தின் மின்சார லொறியை இப்போது நுவரெலியாப் பாதையில் ஓட்டுகிறவர். மழைக்காலத்துக் காலையில் அவருடைய பெயர் தொலைபேசியில் தெரிந்தாலே லொறிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பேன். அது அவருக்கும் தெரியும்.

"மிஸ், வண்டிக்கு ஒண்டுமில்ல," என்றுதான் தொடங்கினார். "ரம்பொடையில ஓரமா நிப்பாட்டிட்டுக் கதைக்கிறன். மரியதாஸ் அண்ணன் போயிட்டாரு மிஸ். அவர்ட வைஃப் பிலோமினா அக்கா இப்பதான் கோல் எடுத்தாங்க."

மரியதாஸ் இறந்தது நான் நின்ற இடத்துக்கு மிகக் கிட்ட. காலி வீதியில் ஒரு மருந்துக்கடைக்குப் பெட்டிகள் கொண்டுபோன சின்ன வேனில். நெஞ்சுவலி வந்திருக்கிறது. வேனை இடப்பக்கம் ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, சிக்னல் விளக்குகளை எரியவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறார். விளக்கு நெடுநேரம் எரிவதைக் கண்டு எட்டிப் பார்த்தவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கொட்டாஞ்சேனையில் அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் கோயில் திருநாளில் ஒலிபெருக்கி கட்டுகிறவர், யாருக்கும் வீடு மாற லொறி பிடித்துக்கொடுக்கிறவர். எனக்கு அவர் பதினொரு வருடம் கூட வேலை செய்தவர். எந்த லொறி எப்போது எங்கே போகவேண்டும் என்று அலுவலகத்தில் இருந்து திட்டம் போடுகிறவள் நான். அந்தத் திட்டத்தை மலையில் ஏற்றி இறக்கியவர் அவர். போகும்போது மாவும் சீனியும். வரும்போது துறைமுகத்துக்குத் தேயிலை மூடைகள்.

மின்சார லொறி வந்தபோது எல்லோரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தோம். மரியதாஸ் மட்டும் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டரி மட்டும் எவ்வளவு கனம் என்று கேட்டார். சொன்னார்கள். "வெறும் வண்டியே பாதிச் சுமையோடதான் நிக்குது," என்றார். அடுத்த மூன்று நாளும் சுமை ஏற்றாமல் நுவரெலியாவுக்குப் போய்ப் போய் வந்தார். அந்த ஓட்டத்துக்கு முகாமையாளர் என்னிடம் காரணம் கேட்டார். வண்டியைப் பழகுகிறார் என்று நானாக ஒன்றை எழுதிக் கொடுத்தேன்.

டீசல் லொறியை ஓட்டி வளர்ந்த கால்களுக்கு இந்த வண்டி பிடிபடாது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழைய லொறியில் கியரைக் குறைத்தால் இறக்கத்தில் என்ஜினே வண்டியைப் பிடித்துவைக்கும். இதில் அந்த வேலையை மோட்டர் செய்கிறது. வண்டியைப் பிடித்துக்கொண்டே கரண்ட் உண்டாக்கி அதைப் பட்டரிக்குள் திருப்பி அனுப்புகிறது. ஆனால் பட்டரி நிறைந்திருந்தால் அந்தக் கரண்ட் போக இடமில்லை. கடும் குளிரில் விறைத்துக் கிடந்தாலும் பட்டரி அதை ஏற்காது. அப்போது மோட்டர் கையை விரித்துவிடும். மிச்சம் கால் பிரேக் மட்டும்.

"வயிறு நிறைஞ்சவனுக்கு இன்னும் சோறு ஊட்ட ஏலுமா மிஸ்?" என்று கேட்டார். "மேல இருந்து வெளிக்கிடுறப்ப பட்டரியில இறக்கத்துக்கு இடம் வைக்கணும்." அதனால் நுவரெலியாவில் முக்கால் பங்குக்கு மேல் சார்ஜ் ஏற்ற விடமாட்டார். மிச்சத்தைக் கீழே கம்பளையில் நின்று ஏற்றுவார். அதற்கு ஒரு மணித்தியாலம் போகும். அந்த ஒரு மணித்தியாலத்தின் மீது முகாமையாளருக்கு எப்போதும் ஒரு கண் இருந்தது.

இன்னொன்றுக்கும் அவர் பயந்தார். அந்த லொறிக்குச் சத்தமில்லை. முதல் மாரியில், லபுக்கலைப் பக்கம் பத்தடி தூரம்கூடத் தெரியாத மூடுபனியில் ஒரு வளைவு திரும்பியபோது, கொழுந்துக் கூடைகளோடு போன ஐந்தாறு பெண்கள் நடு ரோட்டில். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் பெண்ணின் கூடையில் லொறியின் முகம் தொடும் தூரத்தில் நிறுத்தியதாகச் சொன்னார். அன்றிலிருந்து என்ன குளிரானாலும் இரண்டு ஜன்னல்களையும் திறந்து, கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, மாதா பாட்டுகளைச் சத்தமாகப் போட்டுக்கொண்டே ஓட்டினார். தோட்டத்துச் சனங்கள் அதைப் பாட்டு லொறி என்று கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் நாங்கள் சிரித்தோம்.

ஒரு நாள் என் கணினியில் அவருடைய லொறியின் புள்ளி, கொழும்புக்கு இறங்கவேண்டியது, மறுபடியும் நுவரெலியாப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் எடுத்துக் கேட்டேன். லொறி இரவில் நின்று சார்ஜ் ஏற்றும் நுவரெலியாத் தரிப்பிடத்தில் தெரியாமல் கூடுதலாக ஏற்றிவிட்டார்களாம். இரண்டு மைல் இறங்கிப் பார்த்துவிட்டு, மோட்டர் சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும், அகலமான இடத்தில் திருப்பி, பட்டரியைக் கரைப்பதற்காக மேலே ஏறுகிறாராம். நான் கோபமாகக் கதைத்தேன். இறங்குவதற்காக ஏறுகிற சாரதியை இப்போதுதான் காண்கிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மிஸ், ஏறி முடிச்சிட்டுக் கதைக்கிறன்," என்று வைத்துவிட்டார்.

இனி எழுதப்போவதை உங்களில் யாரும் அறியமாட்டீர்கள். இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது அஞ்சலி ஆகாது.

இரண்டு வருடங்களுக்கு முன், டிசம்பரில், நத்தாருக்கு முந்தைய வாரம். கப்பலில் ஏற்றவேண்டிய தேயிலை மத்தியானம் ஒரு மணிக்குள் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். கம்பளையில் நிற்காமல் வருவதற்காக, லொறியை நுவரெலியாவிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றச் சொல்லி முகாமையாளர் கட்டளையிட்டார். தரிப்பிடத்துக்கு அதை அனுப்பியது நான். மறுநாள் முகாமையாளரும் நானும் காலை ஆறு மணிக்கே அலுவலகத்தில் இருந்தோம். மரியதாஸ் அழைத்தார்.

"மிஸ், பட்டரி நூறு காட்டுது. இங்க புல்லெல்லாம் வெள்ளையாக் கிடக்கு. பட்டரி விறைச்சுப் போயிருக்கு. மோட்டர் பிடிக்காது. ரெண்டு மணித்தியாலம் தாங்க, மேலயே சுத்திக் கொஞ்சம் குறைச்சிட்டு வாறன்."

இரண்டு மணித்தியாலம் என்றால் கப்பல் இல்லை. முகாமையாளர் என் மேசைக்கு முன்னால் நின்று, வாயைத் திறக்காமல், சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். மரியதாஸ் சொன்னது எல்லாம் எனக்கு விளங்கியிருந்தது. அதுதான் விஷயம். விளங்காதவள் என்று நான் எங்கும் சொல்லமுடியாது.

"இறங்குங்கோ அண்ணை," என்றேன். "மெதுவா வாங்கோ."

லொறியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க சொன்னா இறங்குறன்," என்றார்.

நடந்ததை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவர் சொன்னார். தொடக்கத்திலிருந்தே கால் பிரேக்கில்தான் வந்திருக்கிறார். அவ்வளவு சுமைக்கு அது போதவில்லை. விட்டு விட்டுத்தான் பிடித்திருக்கிறார், இடையில் நிறுத்தி ஆறவும் வைத்திருக்கிறார். லபுக்கலை தாண்டும்போது மூடுபனி இறங்கியது. ரோட்டில் சேறும் இலையும். முதலில் கருகுகிற மணம் வந்தது. பிறகு கண்ணாடியில் பார்த்தால் பின்சில்லுகளிலிருந்து புகை. அடுத்த வளைவில், ஆட்களை இறக்குவதற்காக ஒரு வேன் நடு ரோட்டில் நின்றது. மிதித்தார். காலுக்குக் கீழே பிரேக் இருந்தது, பிடி இல்லை. பாட்டுச் சத்தம் கேட்டு வேனிலிருந்து இறங்கியவர்கள் ஓரத்துக்கு ஓடினார்கள். அவர் லொறியை மலைப்பக்கத்தில் தண்ணி ஓடும் கானுக்குள் இறக்கி, மண்மேட்டில் உரசவிட்டார். மேடு கபினின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டே வந்தது. வேனுக்கு ஒரு லொறி நீளம் இருக்கையில் நின்றது.

வேறு யாருக்கும் காயமில்லை. அவருக்கு விலாவும் தோளும் முறிந்தன. மறுபக்கம் பள்ளம்.

விசாரணை அலுவலகத்தில் நடந்தது. நானும் இருந்தேன், குறிப்பெடுக்க. கையைத் துணியில் கட்டிக்கொண்டு அவர் வந்து உட்கார்ந்தார். பட்டரி நிறைந்திருந்தது தெரிந்தும் ஏன் இறங்கினீர்கள், யாராவது இறங்கச் சொன்னார்களா என்று கேட்டார்கள். முகாமையாளர் ஜன்னலைப் பார்த்தார். நான் கடதாசியைப் பார்த்தேன். மரியதாஸ், "சாரதி நான். இறங்கினது நான்," என்றார். நான் அதை அப்படியே எழுதினேன். என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிட அழகாக இருந்தது. அந்தத் தாள் இப்போதும் கோப்பில் இருக்கிறது.

அவரை மலைப் பாதையிலிருந்து எடுத்து, நகருக்குள் ஓடும் சின்ன வேனில் போட்டார்கள். தோள் பழைய நிலைக்கு வரவேயில்லை. மழை பெய்தால் வலது கையை மடியில் வைத்துக்கொண்டே கதைப்பார். அவர் என்னோடு வழக்கம்போலத்தான் இருந்தார், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம், வேனைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போனேன். அன்றைக்கு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

குழாயை மூடிவிட்டு வந்தார். "சொல்லியிருந்தா உங்கள வேலையால அனுப்பியிருப்பாங்க," என்றார். "அந்தக் கதிரையில புதுசா ஒரு ஆள் வந்து இருந்திருப்பார். மலைக்குப் பயப்பிடத் தெரியாத ஆள். நீங்க இப்ப பயந்துட்டீங்க மிஸ். பயந்த ஆள் இருக்கட்டும்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் அதைத்தான் கேட்கப் போனேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டுக்குப் போனேன். பிலோமினா அக்கா பெட்டியின் தலைமாட்டில் இருந்தார். சனம் குறைந்த நேரம் பார்த்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று இறங்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "தெரியும்," என்றார். "ஆஸ்பத்திரியிலயே சொன்னவர். நீங்க எப்ப வந்து சொல்லுவீங்க எண்டுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தனான். அவர் உயிரோட இருக்கேக்க வந்திருக்கலாம்." பிறகு எழும்பி, எனக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். இந்த இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் நான் எத்தனை முறை தேத்தண்ணி குடித்திருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் நிறுவனத் தலைமைக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். அன்று காலை தொலைபேசியில் யார் என்ன சொன்னார்கள் என்பதை நேரத்தோடு எழுதியிருக்கிறேன். நுவரெலியாவில் பட்டரியை முக்கால் பங்கோடு நிறுத்துவது எழுத்தில் ஒரு விதியாக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. முகாமையாளர் என்னோடு கதைப்பதில்லை. தரிப்பிடத்தில் இப்போது எல்லாம் தானாக நடக்கும்படி வைத்துவிட்டார்கள். வண்டியைச் சார்ஜரில் கொழுவினால் நிறையும் வரை அது நிற்காது. அங்கே இருக்கிற காவலாளிக்கு அதை நிறுத்தத் தெரியாது.

இன்று காலை ஃபாரூக் மேலிருந்து அழைத்தார். பட்டரி தொண்ணூற்றெட்டு. நேற்றிலிருந்து குளிர். காற்றோடு மழை. ரம்பொடைக்கு மேலே இரண்டு இடத்தில் மண் சரிந்து ஒரு பக்கத்தால்தான் வாகனங்களை விடுகிறார்கள். இன்றைக்கும் ஒரு கப்பல் இருந்தது. நான் இறங்கவேண்டாம் என்றேன். மேலே சமமான ரோட்டில் ஓடிப் பட்டரியைக் குறைத்துவிட்டு, மூடுபனி விலகிய பிறகு வெளிக்கிடச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டால் என்ன சொல்ல என்றார். என் பெயரைச் சொல்லுங்கோ என்றேன்.

நல்ல சாரதி, நல்ல மனிதர் என்று உங்களிடம் அவரைப் பற்றிய நினைவுகள் நிறைய இருக்கும். மரியதாஸ் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பயம். அவர் அதைத் தெரிந்தே எனக்குத் தந்தார். அதை இறக்கிவைக்க எனக்கு உரிமை இல்லை.

இதை எழுதி முடிக்கும்போது பின்னேரம் நான்கு மணி. ஃபாரூக் மூன்றுக்குப் புறப்பட்டார். திரையில் அவருடைய புள்ளி லபுக்கலை வளைவுகளுக்குள் இருக்கிறது. கொஞ்ச நேரமாக அது நகரவில்லை. மண் சரிந்த இடத்து வரிசையில் நிற்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி இருக்கிறேன்.