கூடைக்குப் பழகிய கழுத்து

முதல் சுற்று முடிந்து சண்டை மேடையின் மூலைக்கு வந்தபோது சுதர்ஷினியின் மூக்கு இரத்தம் உதட்டைத் தாண்டி இறங்கியிருந்தது. புஷ்பம் ஈரத்துணியால் அழுத்திப் பிடித்தாள். இருவரும் இலங்கையில் றக்வானைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள்.

“ஏன்டி, அவ இழுத்தா தலைய கொண்டுபோய் முட்டியில குடுக்கிற? விருந்தா வச்சிருக்கா?”

“நானா குடுக்கல. கழுத்து தானாப் போகுது.”

உண்மைதான். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே கிடந்து தலையைப் பின்னுக்கு இழுக்கும். அதற்கு ஈடுகொடுத்துக் கழுத்தை முன்னுக்குத் தள்ளியே ஏறி இறங்கிப் பழகிய உடம்பு. எதிரி பிடரியைப் பிடித்து முன்னுக்கு இழுக்கிறாள். கழுத்தோ கூடை ஞாபகத்தில் அவளோடு சேர்ந்துகொண்டு தலையைக் குனிகிறது. குனிந்த முகத்துக்கு முழங்கால் காத்திருக்கிறது.

கம்போடியாவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோதும் இதே குறைதான். வேலை விட்டதும் பக்கத்துத் தெருவில் அந்த நாட்டுக் கெமர் சண்டை பழகப் போவாள். முஷ்டி, முழங்கை, முழங்கால், கணைக்கால் எல்லாம் அங்கே ஆயுதம். முழங்கையில் அவளை மிஞ்ச ஆளில்லை. கழுத்தைப் பிடித்தால் மட்டும் தொலைந்தாள். கொரோனாவில் தொழிற்சாலையை மூடினார்கள். திரும்பி வந்து பழையபடி மலையேறினாள்.

மாலையில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய பிள்ளை மடுவத்தில், லயத்து வீட்டுப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து உதைக்கக் கற்றுக்கொடுத்தாள். குழந்தைகளைப் புதிய கட்டடத்துக்கு மாற்றியபின் அது சும்மா கிடந்தது. ஆனால் பெண்பிள்ளைகள் உள்ளே போன பிறகுதான் தோட்ட மேலாளர் தொரைக்கு அந்தக் கூரை கண்ணில் பட்டது. செடிக்குப் போடும் பசளை மூட்டைகளை வைக்க வேண்டுமாம். பெண்கள் ஒபீஸ் வாசலில் போய் நின்றார்கள். தொரை சிரித்தார்.

“பெல்மதுளையில சண்டைப் போட்டி நடக்குதாமே. ஜெயிச்சிட்டு வா, மடுவத்த நீயே வச்சுக்க. தோத்தா மூட்டைய இறக்கிருவேன்.”

கொழுந்து எடுக்கிறவள் ஒரு கூரை கேட்டால் இரத்தம் சிந்திக் காட்டவேண்டும். பசளை மூட்டைக்கு அப்படி ஒரு பரீட்சையும் கிடையாது.

போட்டிக்குப் புறப்படும்போது யாரோ கோயில் கயிறு கொண்டுவந்தார்கள். “கட்டினா முழங்கை நீளுமா?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

இரண்டாம் சுற்றுக்கு மணி அடித்தது. எதிரி இரத்தினபுரி நகரக் கழகத்துக்காரி, உயரமானவள், நிதானமானவள். மறுபடியும் பிடரியைப் பிடித்தாள். சுதர்ஷினி நாடியை மேலே தூக்கப் பார்த்தாள். கழுத்து கேட்கவில்லை. முழங்கால் இந்தமுறை விலாவில் ஏறியது. மூச்சு அடைத்தது. இன்னும் ஒன்று விழுந்தால் நடுவர் நிறுத்திவிடுவார். மண்டபம் முழுக்கச் சிங்களத்திலும் தமிழிலும் சத்தம். அதற்குள் புஷ்பத்தின் குரல் மட்டும் கிழித்துக்கொண்டு வந்தது.

“குனியாதடீ! செத்துருவ!”

குனியாமல் இருக்க முடியாது. இருபது வயதுக்கு முன்பே பிடித்த பழக்கம் ஒரு சுற்றில் போய்விடுமா? சரி, போகிற தலை சும்மா ஏன் போகவேண்டும்?

எதிரி இழுத்தாள். சுதர்ஷினி தடுக்கவில்லை. இழுத்த வேகத்தோடு தன் வேகத்தையும் சேர்த்து உள்ளே பாய்ந்தாள். எதிரியின் முழங்கால் எழும்ப இடமில்லாமல் போயிற்று. இடுப்பு திரும்பியது, தோள் தொடர்ந்தது, மடக்கிய முழங்கை இரண்டு கைகளுக்கும் நடுவே கீழிருந்து மேலாக ஏறி எதிரியின் புருவத்தை உரசிக்கொண்டு போனது. கெமர் முழங்கை குத்துவதில்லை, கீறும். புருவம் பிளந்து இரத்தம் கண்ணை மூடியது. வைத்தியர் மேடையேறி, பார்த்து, கையை அசைத்தார். சண்டை நின்றது.

நடுவர் சுதர்ஷினியின் கையை உயர்த்தினார். துணியால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்த எதிரி, “நல்லா அடிச்ச தங்கச்சி” என்று சிங்களத்தில் சொல்லிக் கட்டிக்கொண்டாள். “கழுத்த மட்டும் பாத்துக்க.”

கஹவத்தை தாண்டும்வரை பஸ்ஸில் புஷ்பத்தின் வாய் ஓயவில்லை. தோட்டத்தில் இறங்கினார்கள். மடுவத்து வாசலில் லொறி. உள்ளே பாதிவரைக்கும் பசளை மூட்டைகள். ஸ்டோர்க்காரர் காத்தமுத்து கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீ எப்படியும் தோத்துருவன்னு தொரை காலையிலேயே இறக்கச் சொல்லிட்டாரு தாயி.”

“நான் ஜெயிச்சிட்டேன் மாமா.”

“அப்படியா? சந்தோஷம். ஆனா, வெளிய எடுக்க அவரு சொல்லணுமே.”

“ஒபீஸ் வாசல்ல சொன்னாரே. நீங்களும் அங்கதான நின்னீங்க?”

காத்தமுத்து அவளுடைய வீங்கிய மூக்கைப் பார்த்தார். சுதர்ஷினி உள்ளே போய் ஒரு மூட்டையைப் பிடித்தாள். விலா சுரீரென்றது, கை விட்டுப்போனது.

“ஒதுங்குடி. ஒனக்கு இன்னிக்கி போதும்,” என்று புஷ்பம் முந்திக்கொண்டு மறுமுனையைப் பிடிக்க இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். லயத்திலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். மூட்டைகள் ஒவ்வொன்றாக ஒபீஸ் விறாந்தைக்குப் போயின. கடைசியில் காத்தமுத்துவும் ஒன்றைத் தோளில் ஏற்றினார்.

மேல் ரோட்டு வளைவில் தொரையின் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. யாரும் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.