நாலாவது ஃப்ரெட்

என் மனைவி பாடினது அஞ்சரைக் கட்டையில். எனக்குக் கிடாரில் உருப்படியாக வந்ததோ மூன்று கட்டைக்கான கார்டுகள், அந்த விரல் பிடிப்புகள் மட்டும்தான். அவள் இறங்கி வர மாட்டாள், எனக்கு ஏறத் தெரியாது. கல்யாணமான புதிதில் நாங்கள் சேர்ந்து பாட உட்கார்ந்தால் ரெண்டாவது வரியிலேயே சண்டை வந்துவிடும். கேப்போ என்று ஒரு சாமான் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. கிடாரின் கழுத்தில் கிளிப் மாதிரி மாட்டினால் ஆறு கம்பிகளையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சுருதி ஏறிவிடும், விரல்கள் பழைய வேலையையே செய்துகொண்டிருக்கலாம். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோட்டுக்குப் பெயர் ஃப்ரெட். நாலாவது ஃப்ரெட்டில் மாட்டினால் கச்சிதமாக அவளுடைய அஞ்சரைக் கட்டை. எங்கள் குடும்பத்தில் சமாதானம் பண்ணி வைத்தது அந்தச் சாமான்தான். இப்போது அந்த அஞ்சரைக் கட்டை போய்விட்டது. கேப்போ மட்டும் இருக்கிறது.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரர் தறி போட்டிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் கீழே தறிச் சத்தம் நின்றதும் மேலே எங்கள் சத்தம் ஆரம்பிக்கும். ஆம்ப்ளிஃபையரை முணுமுணுக்கிற அளவுக்கு வைத்துக்கொள்வேன். அவளுக்கு எந்த ஆம்ப்ளிஃபையரும் வேண்டாம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்தாலும் சாயங்காலம் குரல் பளிச்சென்று இருக்கும்.

கிடாரைச் சென்னையில் பழசாக வாங்கினேன். பாலாடை நிறம். விற்றவர் எனக்கு ஒரு பயத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். மேலே பூசியிருப்பது பழைய காலத்து லாக்கர், மூச்சு விடுகிற பூச்சு, ரப்பரோ ஸ்பாஞ்சோ ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்தால் இளகிப்போய்த் தடம் விழுந்துவிடும் என்றார். நான் ஏனாத்தூரில் ஒரு காலேஜ் லேபில் கண்ணாடிச் சாமான்களோடு குப்பை கொட்டுகிறவன். கீறல் என்றாலே எனக்கு ஆகாது. கிடார் வந்த நாளிலிருந்து அதன் மேல் தூசி உட்கார விடவில்லை. "உங்க சின்ன வீட்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சிட்டு சாப்ட வாங்க" என்பாள்.

முதலில் வாங்கின ஸ்டாண்டின் கைகளில் கறுப்பு ரப்பர் சுற்றியிருந்தது. அதன் மேல் சுற்ற ஏதாவது துணி பார் என்று அவளிடம் சொன்னேன். நெசவுக்கார வீட்டுப் பெண்ணிடம் துணி கேட்டால் என்ன வரும்? ஒரு அரக்குப் பட்டு ஜாக்கெட் பிட்டைக் கிழித்து, இழை பிரியாமல் மடித்துத் தைத்து, இரண்டு கைகளிலும் சுற்றிவிட்டாள். ரப்பர் ஆகாது என்றாரே, சாயமும் பூச்சில் இறங்குமோ என்று எனக்கு லேசாக உறுத்தியது. கேட்டேன்.

"இன்னாங்க பேசறீங்க? எங்க ஊட்டுப் பட்டு. தண்ணில ஊற வெச்சாக்கூட சாயம் போவாது. பட்டை விட மெத்துன்னு வேற இன்னா இருக்குது?"

தண்ணீருக்கு அந்தச் சாயம் நிஜமாகவே போகாது. லாக்கருக்குப் போனது. அந்த வருஷ மழை விடாமல் அடித்து, வீடெல்லாம் ஈரம் பூத்துக் கிடந்தது. மழை விட்ட பிறகு கிடாரைத் தூக்கிப் பார்த்தால், கீழ்ப்பக்கம் ஸ்டாண்டில் உட்காரும் இரண்டு இடத்திலும் சிவப்பாக இறங்கியிருக்கிறது. துடைத்தேன், தேய்த்தேன், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உடுங்க, குங்குமம் வெச்சாச்சு. இனிமே அது நம்ம ஊட்டு மருமவ."

அதற்குப் பிறகு ஸ்டாண்டுக்கு நானே வெள்ளை வேட்டியைக் கிழித்துச் சுற்றினேன். பல தடவை துவைத்து நைந்த, சாயமே காணாத பருத்தி. ஸ்டாண்டையும் மாற்றினேன். முதல் ஸ்டாண்ட் லேசாகத் தட்டினாலே ஆடும். புதியது கால் அகன்று உட்காரும், கழுத்தைத் தாங்குகிற இடத்தில் ஒரு தடுப்பும் உண்டு.

கேப்போ விஷயத்தில் என்னைத் திருத்தியது அவள் காது. நான் வைத்திருந்தது ஸ்பிரிங் கேப்போ. நாய் எலும்பைக் கவ்வுகிற மாதிரி கவ்வும். எலக்ட்ரிக் கிடாரின் கம்பிகள் மெலிசு. அந்தக் கவ்வலில் வளைந்து, சுருதி ஒரு நூல் மேலே போய்விடும். எனக்கு அது தெரியவே தெரியாது. அவள் முதல் வரியிலேயே கையைத் தூக்கிவிடுவாள். "கொஞ்சம் ஏறிக்கினு இருக்குது பாருங்க." சுருதி காட்டுகிற ட்யூனரை வைத்துப் பார்த்தால் ஏறித்தான் இருக்கும். அப்புறம் தேடிப் பிடித்துத் திருகு வைத்த கேப்போ வாங்கினேன். உள்பக்கம் மெத்தை, கழுத்தின் வளைவுக்குத் தக்க வளைவு. கம்பி இரைச்சல் நிற்கிற வரைக்கும் திருகினால் போதும், அதற்கு மேல் ஒரு இழைகூடக் கூடாது. ஃப்ரெட்டை ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால் ஃப்ரெட்டில் கம்பி பதியும், கழுத்தின் பின்பக்கம் பூச்சு அழுந்தும். இதில் நான் பிசகினதே இல்லை. வீட்டு வாசல் கதவைப் பூட்ட மறந்திருக்கிறேன், கேப்போவைக் கழற்ற மறந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, "இன்னிக்கு மூணுல போடுங்க, தொண்டை ஒரு மாதிரி இருக்குது" என்றாள். போட்டேன். மழையும் பனியும் மாறி வரும் நேரம், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து வந்த வாரங்களிலும் மூன்றுதான். பிறகு இரண்டு. அந்த இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போவைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு முதல்முதலாகப் பயமாக இருந்தது. கேப்போ கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

தைராய்டில் கட்டி. குரலுக்குப் போகிற நரம்பை ஒட்டிக்கொண்டு இருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. பேச்சு வந்துவிடும், மேல் ஸ்தாயியில் பாடுவதைப் பற்றி மட்டும் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அவள் சட்டென்று, "பசங்களுக்குப் பாடம் எடுக்கலாம் இல்ல, அது போதும் சார்" என்றாள். அவருக்கு அதைக் கேட்டு நிம்மதி. அது போதாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பஸ்ஸில் ஊர் திரும்புகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு பேச்சு வந்தது, உமியில் கை வைத்த மாதிரி ஒரு கரகரப்போடு. பள்ளிக்கூடத்தில் கழுத்தில் மாட்டுகிற சின்ன மைக் வாங்கிக்கொண்டாள். வீட்டில் தனியாக இருக்கிறபோது பாடிப் பார்க்கிறாளா என்று நான் கேட்கவே இல்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு சாயங்காலம், கேப்போ இல்லாமல் வெறும் கம்பியில் வாசிக்கச் சொன்னாள். என் மூன்று கட்டைக்கு அவளே இறங்கி வந்தாள். முதல் வரி எப்படியோ வந்துவிட்டது. இரண்டாவது வரியில் குரல் உடைந்து, ஒன்றுமே வராமல் வாய் திறந்தபடி நின்றது.

"போதுங்க" என்று எழுந்து துணி எடுக்கப் போய்விட்டாள்.

நான் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன தோன்றியதோ, திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நாலாவது ஃப்ரெட்டின் பின்பக்கம் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். இத்தனை வருஷம் கேப்போ உட்கார்ந்த இடம். வழவழவென்று இருந்தது. ஃப்ரெட்டைப் பார்த்தேன், ஒரு பள்ளம் கிடையாது. ஊர் முழுக்கத் தேடி, திருகு வைத்து, மெத்தை வைத்து, இழை பார்த்து நான் காப்பாற்றின லட்சணம் இது. இங்கே ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள் என்பதற்கு இந்தக் கட்டையில் ஒரு அடையாளம் இல்லை. அவள் கழுத்தில் குறுக்கே தழும்பு இருக்கிறது. இதன் கழுத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. கீழே அந்த அரக்குக் கறை மட்டும் இருந்தது. அதைப் போக்க முடியாமல் ஒரு காலத்தில் என்ன பாடு பட்டேன்!

போன சனிக்கிழமை கீழே தறி நின்றதும் அவள் வந்து, வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள்.

"நாலுல போடுங்க."

"எதுக்கும்மா?"

"எனக்குக் கேக்கணும்."

போட்டேன். ஒரு தடவை மீட்டினேன். உடனே கையைத் தூக்கினாள். "ஏறிக்கினு இருக்குது. கொஞ்சம் லூஸ் பண்ணுங்க." காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. தளர்த்தினேன், தலையாட்டினாள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தேன். அவள் எடுக்க வேண்டிய இடங்களில் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஃப்ரெட்டையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். முடிந்ததும் "நல்லா இருந்திச்சி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பழக்கத்தில் என் கை திருகுக்குப் போனது. கழற்றவில்லை. அவள் காதில் விழாதபடி கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இன்னும் ஒரு சுற்று இறுக்கி, ஸ்டாண்டில் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் பெருக்கும்போது பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க, கேப்போ கழட்டாமயே வெச்சிருக்கீங்க? தடம் வுழுந்துடுமே."

"விழட்டும்மா."

ஸ்டாண்டைச் சுற்றிப் பெருக்கிவிட்டு உள்ளே போனாள். அவளும் அதைக் கழற்றவில்லை.