கரிக்குப் பின்னால் ஒரு முகம்

“உனக்கெல்லாம் அந்த மொகம் தெரியாது புள்ள, நீ சிலேட்டையே பாரு” என்று மாமன் மகள் பொன்னி ஒருமுறை சொன்னாள்.

சென்னை மியூசியத்தில் படமெடுப்பது என் வேலை. இன்று புகையேறிய பழைய ஓவியப் பலகையொன்றில் விளக்கெண்ணெய் வாடை அடித்ததும் அவள் குரல் கேட்டது.

தருமபுரிப் பக்கத்து எங்கள் ஊர்க் கோயில் விதானத்தில் ஓர் அம்மன் ஓவியம் உண்டு. விளக்குப் புகையில் கரியாகிவிட்டது. ஆடி மாதம் அவள் அப்பா, பூசாரி மாமா, பொன்னியைத் தோளில் ஏற்றி, அதன்மேல் எண்ணெய் தடவச் சொல்வார். கொஞ்ச நேரம் முகம் மினுங்கும். பிறகு அந்த எண்ணெயிலேயே இன்னும் கரி ஒட்டும்.

“என்னையுந் தூக்குங்க மாமா.”

“அவ கைதான் பழகின கை, போ.”

“மூக்குத்தியில செவப்புக் கல்லுடி” என்பாள் மேலிருந்து. எனக்கு அவள் உள்ளங்கால்தான் தெரியும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். படித்தும் அந்தப் பொறாமை போகவில்லை.

இன்று மியூசியத்துப் பலகையை அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தோம். கரியைத் தாண்டி ஒரு முகம் கோடு கோடாகத் தெரிந்தது. நிறம் மட்டும் இதில் வராது. அந்தச் சிவப்பு பொன்னிக்கே சொந்தம்.

ஊர்க் கோயில் அம்மனையும் இப்படிப் படமெடுக்க அனுமதி வாங்கி, கேமரா பிளேட்டுகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். கீழே நின்று பெட்ரோமாக்ஸ் பிடிக்கப் பொன்னியை வரச்சொல்லி எழுதியும்விட்டேன்.