பிரிஜெட் டீச்சரின் சுருதி

அடுகோடி பிரிஜெட் டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சங்கீதப் பரீட்சைக்குப் பெண்களைத் தயார் செய்வது அவர் வேலை. முதல் மாதம் பாட்டே கிடையாது. ஒலி எப்படிப் பிறக்கிறது, சூட்டில் அது என்ன ஆகிறது, இதுதான் பாடம். "காத்து எப்படி நடக்குதுன்னு தெரியாதவ வாயைத் தொறக்கவே வேணாம்" என்பார். எத்தனை பேர் சிரித்தாலும் மசிந்ததில்லை.

1931ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம். வியாழன் முதல் சனிக்கிழமைச் சடங்கில் குளோரியா கீதம் தொடங்கும் வரை கோயிலில் குழல் ஆர்கன் வாசிக்கக் கூடாது என்பது வழக்கம். கோயிலில் பாடும் டீச்சரின் பன்னிரண்டு பெண்களும், தட்டினால் எப்போதும் ஒரே ஸ்வரம் தரும் இரும்பு இசைக்கவையைத் தட்டி, அந்தச் சுருதியிலேயே பாடினார்கள். சனிக்கிழமை காலைச் சடங்கு பத்து மணியையும் தாண்டி நீண்டது. ஏப்ரல் வெயில், பாடகர் மாடத்துக்கு மேலே தகரக் கூரை. பெண்கள் குளோரியாவை எடுக்க, ஆர்கனும் சேர்ந்துகொண்டது. அட கர்த்தரே, அந்த அபஸ்வரம்! ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க பொண்ணுங்க சுருதி எறங்கிட்டாங்க, வெக்கக்கேடு!" என்று கத்தினார் ஆர்கன் வாசிக்கும் டென்சில்.

பங்குச்சாமி ரெமிஜியஸ் தீர்ப்பே சொல்லிவிட்டார். "எழுத்துல மன்னிப்புக் கேளும்மா. இல்லேன்னா உன் பொண்ணுங்க இனிமே மாடம் ஏற வேணாம்."

பெண்கள் அழுதார்கள். டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. "திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு வாங்க சாமி. பதினோரு மணிக்கு மறுபடி வாங்க. உங்க காதே சொல்லட்டும்."

ஆறு மணிக்கு டென்சில் ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்த, டீச்சர் அதே ஸ்வரத்துக் கவையைத் தட்டினார். இரண்டு ஒலியும் சேர்ந்து மெல்ல விம்மின; சுருதி எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு வேகமாக அடிக்கும் விம்மல் அது. பதினோரு மணிக்கு அதே விம்மல் படபடவென்று அடித்தது.

"உங்க கவைதான் எறங்கியிருக்கும்" என்றார் டென்சில்.

டீச்சர் ஈரத்துணியில் சுற்றிக் கிணற்றடியில் குளிரவைத்திருந்த அதே ஸ்வரத்து இன்னொரு கவையைக் கொண்டுவந்து தட்டினார். இரண்டு கவையும் ஒன்றாகவே ஒலித்தன.

"இரும்பு அப்படியேதான் இருக்கு. குழல்ல இருக்கிற காத்து சூடானா சுருதி ஏறும். டிசம்பர் குளிர்ல சுருதி சேத்த பெட்டி இது. ஏறினது அது. எங்க பொண்ணுங்க நின்ன எடத்துலயே நின்னாங்க!"

டென்சில் முகம் சுண்டிப்போனது. சாமி தாடியைத் தடவினார். "புரியுதும்மா. ஆனா டென்சில் பெரிய மனுஷர். ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு, வம்பு வேணாம்."

நியாயம் தெரிந்த பிறகும் மன்னிப்பாம்! டீச்சர் காகிதம் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதி நீட்டினார்.

'சனிக்கிழமை நேர்ந்த அபஸ்வரத்துக்காக, வெயிலில் சுருதி ஏறிவிட்ட ஆர்கனின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் பெண்கள் வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கே மாடத்தில் இருப்பார்கள்.'

ஞாயிறன்று பன்னிரண்டு பேரும் படியேறினார்கள். டென்சில் ஒதுங்கி வழிவிட்டார்.